நான் உடுத்த மறுத்த குரங்கு

1

போன மாதம் எனக்கு ஒரு குரங்கு கொடுத்தார்கள். நீல நிறம். கழுத்திலிருந்து இடுப்புவரை ஜிப், நெஞ்சுப் பக்கம் ஒரு பை, முதுகில் கம்பெனியின் பெயர். இதே மாதிரி பன்னிரண்டு குரங்குகளைப் பாலிதீன் உறையில் மடித்து, அளவுச் சீட்டு ஒட்டி, அலுவலக மேசைமேல் அடுக்கி வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒன்று.

ஸ்பானிஷ் மொழியில் மோனோ என்றால் குரங்கு. சட்டையையும் கால்சட்டையையும் ஒன்றாகத் தைத்து, உள்ளே இறங்கிப் பூட்டிக்கொள்கிற வேலை உடுப்புக்கும் மோனோ என்றுதான் பெயர். நான் வேலை பார்ப்பது ஸ்பெயினில் ஒரு வெடிப்பட்டறையில். வலென்சியா நகரத்திலிருந்து உள்நாட்டுப் பக்கம் ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் பாதாம் மரங்களும் பாறைகளுமாக ஒரு மேடு வரும். அங்கே தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகளில் வேலை. சிவகாசியை அடுத்த எங்கள் தாயில்பட்டிப் பக்கத்து ஆட்களை அங்கே கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் விட்டால், வாசனையை வைத்தே சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டோம் என்பார்கள். வெடி ஊரிலிருந்து கிளம்பி, பாதி உலகத்தைத் தாண்டி, இன்னொரு வெடி ஊரிலேயே வந்து விழுந்தவள் என்று என்னைச் சொந்தக்காரர்கள் கேலி செய்வது உண்டு. செய்யட்டும், எனக்குத் தெரிந்த தொழில் அதுதான்.

உடுப்போடு ஒரு தாளும் வந்தது. 'என் வேலைக்குப் பொருத்தமான பாதுகாப்பு உடை பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்து, கீழே பெயருக்கும் கையெழுத்துக்கும் இடம் விட்டிருந்தார்கள். உறையைப் பிரித்து, துணியை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தேன். தாளைத் திருப்பி மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது, கொடுத்ததை வாங்கி மாட்டிக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டியதுதானே, பிழைக்கப் போன இடத்தில் இவளுக்கு எதற்கு இந்த வீம்பு என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும். வீம்புதான். அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

முதலில் அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதோடு எனக்கு ஆறு வருஷப் பழக்கம்.

பழைய பெசெட்டா நோட்டு போய் யூரோ வந்த வருஷம் நானும் மகள் சிவகாமியும் இங்கே வந்து சேர்ந்தோம். என் கணவர் பால்பாண்டி அதற்கு முன்பே ஏஜெண்டு மூலம் வந்து, ஆரஞ்சுக் கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். சிவகாமிக்கு அப்போது ஐந்து வயது. வந்த வாரத்திலேயே லிஃப்ட்டில் ஒரு அம்மாள் அவள் கன்னத்தைக் கிள்ளி, "கே மோனா" என்றாள். படப்புத்தகத்தில் குரங்குப் படத்துக்குக் கீழே மோனோ என்று நான் பார்த்திருந்தேன். கறுப்புப் பிள்ளையைப் பார்த்துக் குரங்கு என்கிறாளா என்று எனக்கு உச்சந்தலை சூடேறிவிட்டது. சொல்லத் தெரிந்த பாஷை இல்லாததால் முறைத்துவிட்டு இறங்கினேன். அழகாக இருக்கிறாள் என்பதற்கும் இங்கே அதே சொல்தான் என்று பால்பாண்டி மாலையில் வேலை முடிந்து வந்து சொன்னார். அந்த அம்மாள் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் கொஞ்சம் ஒதுங்கித்தான் போகிறாள்.

அப்புறம் அந்தக் குரங்கு போகிற இடமெல்லாம் வந்தது. ஈஸ்டர் சமயத்தில் முழு முட்டையை நடுவில் பதித்து ஒரு இனிப்பு ரொட்டி சுடுகிறார்கள், அதற்கும் பெயர் மோனா. முட்டையைப் பக்கத்தில் நிற்கிறவர் நெற்றியில் மோதி உடைத்துத் தின்பது இங்கத்துப் பிள்ளைகளின் வழக்கம். கீழ்வீட்டுக்காரர் சிகரெட்டை விட்டபோது கை நடுங்க நின்றுகொண்டு, எனக்குக் குரங்கு வந்திருக்கிறது என்றார், விட்ட பழக்கத்துக்கு உடம்பு ஏங்குவதற்கு அதுதான் பெயராம். குடிபோதையை ஒருவன் தூங்கித் தீர்த்தால் பெண்குரங்கைத் தூங்கவைக்கிறான் என்கிறார்கள். ஒரு இடத்தில் யாரும் மதிக்காத ஆள் கடைசிக் குரங்கு. என்னோடு பட்டறையில் ஒரே அறையில் வேலை பார்க்கிற ஃபாத்திஹா மொரோக்கோக்காரி, நாலு பிள்ளைகளின் தாய். சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம், "நீயும் நானும் கடைசிக் குரங்குங்க, முத்து" என்று அவள் சொல்வாள்.

நாங்கள் இரண்டு பேரும் வாரம் இரண்டு நாள் சாயங்காலம் நகராட்சி நடத்தும் மொழி வகுப்புக்குப் போனோம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இலவசம். ஒருநாள் நான் டீச்சரிடம் கேட்டேவிட்டேன், ஒரு மிருகத்துக்கு ஏன் இத்தனை வேலை என்று. அவர் சிரித்துவிட்டு, மறு வகுப்புக்குத் தடித்தடியாக இரண்டு அகராதிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரொட்டியின் பெயர் தனி வழி, தின்பண்டம், காணிக்கை என்கிற மாதிரிப் பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். வேலை உடுப்புக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லையாம், இயந்திரங்கள் மேலே தொற்றி ஏறுகிறவர்கள் போட்டதால் இருக்கலாம் என்றார். மிருகத்தின் பெயருக்கு வந்தபோதுதான் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. மைமூன் என்ற அரபுச் சொல் தேய்ந்து மோனோ ஆகியிருக்கலாம், அதற்குப் பொருள் பாக்கியம் பெற்றவன் என்றார்.

ஃபாத்திஹா மேசையில் தலையை வைத்துச் சிரிக்க ஆரம்பித்தாள். அவளுடைய அண்ணன் பெயர் மீமூன். அதே சொல்தான். அவர்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு மீமூன் உண்டாம்.

பாக்கியம் எப்படிக் குரங்கானது என்று நான் கேட்டேன். அந்தக் காலத்தில் குரங்கைப் பார்ப்பதே கெட்ட சகுனம் என்று பயந்திருக்கிறார்கள், பயந்ததைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் நல்ல பெயர் வைத்துக் கூப்பிட்டிருப்பார்கள் என்று ஒரு கட்சி சொல்கிறது, வேறு விதமாகச் சொல்கிறவர்களும் உண்டு என்றார் டீச்சர். எனக்கு அந்த முதல் கட்சி போதுமாக இருந்தது. எங்களிடம் இது வேண்டிய மட்டும் உண்டு என்று கையைத் தூக்கினேன். கடித்தால் ஆளைக் கொல்கிற பாம்புக்கு நாங்கள் நல்லபாம்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். வீட்டில் விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டோம், குளிர வைக்கச் சொல்வோம். வெளியே கிளம்பினால் போகிறேன் என்று சொல்லாமல் வாரேன் என்போம். தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவள், நாங்கள் பட்டறையில் அளந்து கொட்டுகிற வெடிப்பொடிக்கு எங்கள் பேச்சில் மருந்து என்று பெயர், நோய்க்குக் கொடுப்பதற்கும் அதே சொல்தான் என்றும் சொன்னேன்.

டீச்சர் அதைப் பலகையில் எழுதினார். எழுதிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சொல்லை என் வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறேன், பலகையில் பார்த்தபோதுதான் அது என்ன சொல்கிறது என்று எனக்கு உறைத்தது.

3

என் அக்கா பொன்னுத்தாய். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். எங்கள் ஐயா நிலமில்லாத விவசாயக் கூலி. மழை ஏமாற்றி, கூப்பிட ஆளில்லாமல் போனபோது, வீட்டிலிருந்து முதலில் வெடிக் கம்பெனி வேனில் ஏறியவள் அவள்தான். அவள் மருந்து செலுத்தும் அறையில், நான் பாக்கிங்கில்.

எங்கள் பக்கம் கம்பெனிக்குப் போகிற பெண்கள் எல்லோரும் பருத்திச் சேலைதான் கட்டுவோம், மேலே வீட்டு ஆம்பளையின் பழைய பருத்திச் சட்டை. அதற்காகத் துணி எடுக்கப்போனால் கடைக்காரர் சொல்வதை நம்பக்கூடாது. வீட்டுக்கு வந்து முந்தியில் ஒரு நூலை உருவி அடுப்பில் காட்ட வேண்டும். காகிதம் எரிந்த வாசனை வந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலானால் பருத்தி. சுருண்டு கறுத்து மணியாகத் திரண்டால் அது வேலைக்கு ஆகாது. காலையில் கேட்டில் போர்மேன் அண்ணாச்சி ஒருவர் நிற்பார், எங்கள் முந்தியை விரலால் தேய்த்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். சந்தேகம் வந்தால் அன்றைக்கு வேலை கிடையாது, நடந்தே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தீபாவளிக்கு முந்தின கடைசி வேலை நாளில் மட்டும் இந்தக் கெடுபிடி கிடையாது. அன்றைக்கு வேலையே பேருக்குத்தான். ஆபீஸ் கட்டிடத்தில் பூஜை, இனிப்புப் பெட்டி, போனஸ். புதுச்சேலை கட்டிக்கொண்டு போவது வழக்கம். அக்கா சிவகாசியில் பார்த்துப் பார்த்து எடுத்த கத்தரிப்பூ நிறச் சேலையைக் கட்டியிருந்தாள். பருத்தியில் அந்த மினுமினுப்பு வராது. எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. கிளம்புகிறபோதே வேன் டிரைவர் வந்து, ஒரு ஆர்டர் பாக்கி நிற்கிறது, ஒரு மணி நேரம் உட்கார்ந்து முடித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஒரு லோடுதானடி. பத்து மணிக்கெல்லாம் வந்துருவேன்" என்றாள் அக்கா.

அன்றைக்கு லோடு போக வேண்டும். அதனால் கேட்டில் யாரும் முந்தியைத் தேய்க்கவில்லை. நெருப்பு எந்த அறையில் தொடங்கியது, எதனால் தொடங்கியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மூன்று அறைகள் போயின. அக்காவுக்குப் பக்கத்தில் பழைய பருத்திச் சேலையோடு உட்கார்ந்திருந்தவள் கையிலும் கழுத்திலும் தழும்போடு இன்றைக்கும் இருக்கிறாள். அக்காவின் சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டது. நான்கு நாள் இருந்தாள்.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தாளை நீட்டினார்கள். கம்பெனி ஆட்களும் ஊர்ப் பெரிய மனிதர்களும் சுற்றி நின்றார்கள். கம்பெனிக்கு சீல் வைத்திருந்தார்கள், இந்தத் தாளில் ஒரு கை விழுந்தால்தான் அடுத்த சீசனுக்குத் திறக்க விடுவார்கள் என்று பேச்சு.

"அம்புட்டுக் குடும்பமும் உங்க கையத்தான் பாத்துக்கிட்டு நிக்கு" என்றார் ஒருவர் ஐயாவிடம்.

ஐயாவுக்கு எழுத்துத் தெரியாது. நான் பத்தாவது வரை படித்தவள். ஐயா கை வைக்க வசதியாக, தாளை ஒரு சின்னப் பலகையோடு பிடித்துக்கொண்டு நின்றதே நான்தான். தடைசெய்யப்பட்ட உடையை உடுத்தி வந்த தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று எழுதியிருந்தது. சேலை ஒட்டிக்கொண்டது உண்மை, அந்தச் சேலைதான் நெருப்பை வைத்தது என்பது பொய். அவளை உட்காரச் சொன்னவர்களைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. நான் அதைப் படித்தேன், சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. ஐயா கட்டை விரலை மையில் தொட்டு வைத்தார்.

அது நடந்து எட்டு வருஷமாகிறது. அந்த வரியைப் பற்றி நானும் ஐயாவும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

4

இந்தப் பட்டறையை நடத்தியவர் ஒரு கிழவர். ஒற்றை வார்த்தையில் பேசுவார், தலையை ஆட்டினால் பாராட்டு. கெட்டியான காக்கிப் பருத்தியில் மோனோ தைத்துக் கொடுத்திருந்தார். சாயம் போய், முழங்கையில் ஒட்டுப் போட்டு, அதைத்தான் இத்தனை வருஷமும் போட்டுக்கொண்டிருந்தோம். போன வருஷம் அவருக்கு முட்டி தேய்ந்துபோய் வீட்டில் உட்கார, மகன் பொறுப்புக்கு வந்தான். நகரத்தில் படித்தவன். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் கந்தலாக நிற்பது அவனுக்கு அசிங்கமாக இருந்தது. கார் பட்டறைகளுக்கு உடுப்புக் கொடுக்கிற ஆளிடம் ஒரு புத்தகத்தைப் புரட்டி, பாதுகாப்பு உடை என்ற தலைப்புக்குக் கீழே நீலத்தைக் காட்டி ஆர்டர் போட்டுவிட்டான்.

எனக்கான உறையை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். கால் மடிப்பில் ஊசியால் ஒரு நூலை உருவி காஸ் அடுப்பில் காட்டினேன். சுருண்டது, கறுத்தது, ஒரு சொட்டு கீழே விழுந்து தட்டில் ஒட்டிக்கொண்டது. பால்பாண்டியின் பழைய சட்டையிலிருந்து இன்னொரு நூலை எடுத்து எரித்தேன். அது சாம்பலாகிப் போனது. தட்டை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் திருத்தங்கலில் காலண்டர் அச்சடித்தவர். காகிதம் தெரியும், துணி தெரியாது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் குடியிருப்பு அட்டையை இந்த வருஷம் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வேலை ஒப்பந்தம் காட்ட வேண்டும். ஆரஞ்சுக் கிடங்கு வேலை சீசனுக்கு மட்டும்தான் என்பதால் அவர் ஒப்பந்தம் செல்லாது என்று போன தடவையே குடியேற்ற அலுவலகத்து ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவள் திருப்பி அனுப்பியிருந்தாள். என் ஒப்பந்தத்தை மகன் முதலாளி புதுப்பித்தால் மூன்று பேருக்கும் அட்டை, இல்லாவிட்டால் மூன்று பேருக்கும் இல்லை.

"அட்டைக்கு இன்னும் அஞ்சு வாரந்தான் கெடக்கு. கையெழுத்தப் போட்டுட்டு, உடுப்ப அலமாரில தூக்கிப் போட்டுரு. யாரு வந்து பாக்கப்போறாக" என்றார்.

அலமாரியில் போடலாம். கையெழுத்தை எங்கே போடுவது என்று கேட்டேன். நாளைக்கு ஒரு அறை பற்றிக்கொண்டால் அந்தத் தாள் மட்டும்தான் பேசும். பொருத்தமான உடை கொடுத்தோம், வாங்கிக்கொண்டாள், உடுத்தியிருந்தாலும் அவள் தப்பு, உடுத்தாவிட்டாலும் அவள் தப்பு. எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, பாத்திரம் கழுவுகிற சத்தம் உயரும். அன்றைக்கு ஒரு தம்ளர் உடைந்தது.

ஃபாத்திஹா அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். நாலு பிள்ளை, முத்து, என்று மட்டும் சொன்னாள். அவளோடு எனக்குச் சண்டை இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு அவளைக் குறை சொல்ல வாய் கிடையாது.

5

சனிக்கிழமை காலை மகன் முதலாளி என்னை மட்டும் ஊருக்குள் இருக்கிற அலுவலகத்துக்கு வரச் சொன்னான். சிவகாமிக்குச் செருப்பு வாங்க வேண்டியிருந்ததால் அவளும் கூட வந்தாள். பதினொரு வயதாகிறது. என் ஸ்பானிஷ் அவளுக்கு வெட்கம். கடையில் நான் வாயைத் திறந்தால் முன்னால் வந்து நின்றுகொண்டு தானே பேசிவிடுவாள். தமிழ் பேசுவாள், ஆனால் ழகரத்தைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது என்பாள்.

அவன் நாற்காலி போட்டு மரியாதையாகத்தான் பேசினான். என்ன பிரச்சினை என்று கேட்டான். நான் சிவகாமியிடம் தமிழில் சொன்னேன், இந்தத் துணி நெருப்பில் உருகித் தோலோடு ஒட்டும், பருத்தி கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன், இந்தத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன், இதை அப்படியே சொல் என்று. அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அம்மாவுக்கு அளவு சரியில்லையாம் என்று சொன்னாள்.

அளவு என்பதற்கான சொல் எனக்குத் தெரியும் என்று அவள் நினைக்கவில்லை. அவன் முகம் மலர்ந்து, பெரிய அளவு இருக்கிறதே என்று எழுந்தான். எனக்கு நெஞ்சு வலித்தது. அவள் பொய் சொன்னதற்காக அல்ல. எதிரே இருப்பவர்களைப் பார்த்துவிட்டு வாயை மாற்றிக்கொள்வதை அவள் என்னிடமிருந்துதான் வாங்கியிருக்கிறாள்.

அவளைக் கையைப் பிடித்துப் பின்னால் நகர்த்தினேன். மேசையிலிருந்து பேனாவை எடுத்தேன். பொருத்தமான பாதுகாப்பு உடை என்ற அச்செழுத்துக்கு மேலே ஒரு கோடு போட்டேன். கீழே, கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில், நானாக யோசித்து, நானாக எழுதினேன். பாலியஸ்டர் குரங்கு ஒன்று பெற்றுக்கொண்டேன். நெருப்பில் அது உருகும். நான் அதை உடுத்தவில்லை. முத்துலட்சுமி. பெயரைத் தமிழில் போட்டேன்.

அவன் இரண்டு முறை படித்தான். இப்படி எழுதினால் இந்தப் படிவம் செல்லாது என்றான். செல்லாவிட்டாலும் நகல் வேண்டும் என்றேன். எந்த அலுவலகத்தில் எதை எழுதிக் கொடுத்தாலும் நகல் கேட்கச் சொல்லி டீச்சர் எங்களைப் பழக்கியிருந்தார். பழக்க தோஷத்தில் அவனும் எழுந்துபோய் நகலெடுத்துக் கொடுத்துவிட்டான். கொடுத்த பிறகுதான் கோபம் வந்தது. திங்கட்கிழமை வர வேண்டாம், கூப்பிட்டால் வந்தால் போதும் என்றான்.

பஸ் நிறுத்தத்துக்குச் சிவகாமி பத்தடி முன்னால் நடந்தாள். வேலை போய்விட்டதா, அட்டை கிடைக்காதா, நாம் இந்தியாவுக்குப் போகவேண்டுமா என்று திரும்பாமலே கேட்டாள். உட்கார் என்று சொல்லி, அந்த பெஞ்சிலேயே பெரியம்மாவைப் பற்றிச் சொன்னேன். பெரியம்மா காய்ச்சலில் செத்துப்போனாள் என்றுதான் அவளுக்கு நான் சொல்லி வைத்திருந்தேன். பயந்ததற்கு நல்ல பெயர் வைக்கிற வேலையை நானும் ஒழுங்காகச் செய்துதான் வந்திருக்கிறேன்.

"அங்க நடந்தா இங்கயும் நடக்கணுமா?" என்று கேட்டாள்.

நடக்கக்கூடாது என்றுதான் எழுதினேன் என்றேன். அவளுக்கு அது போதவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, தன் ஜாக்கெட்டின் கழுத்தை உட்புறம் திருப்பி, தைத்திருந்த சீட்டைப் படித்தாள்.

"இதுவும் உருகுமா?"

"உருகும். பள்ளிக்கூடத்துக்குப் போடலாம், பரவாயில்லை" என்றேன்.

6

ஒன்பது நாள் வீட்டில் இருந்தேன். பால்பாண்டி என்னோடு சண்டை போடவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. காலையில் எழுந்து வேறு எங்கெங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று விசாரிக்கப் போய்விடுவார். நான் தப்புச் செய்துவிட்டேனோ என்று ஒவ்வொரு நாளும் ஒரு தடவையாவது நினைத்தேன். நினைத்துவிட்டு, அந்தத் தட்டில் ஒட்டியிருந்த கறுப்புச் சொட்டைச் சுரண்டிப் பார்ப்பேன். அது வரவில்லை.

நாலாம் நாள் ஃபாத்திஹா வந்தாள். நகலைக் கேட்டாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். மேசையில் உட்கார்ந்து, என் எழுத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொண்டாள். மறுநாள் அலுவலகத்துக்குப் போய், ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட தன் தாளை வாங்கி, கையெழுத்துக்குக் கீழே அந்த மூன்று வரியையும் சேர்த்துவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். ஒருத்தி இந்த ஊர்க்காரி.

இங்கே மார்ச் மாதம் பெரிய பண்டிகை. பகல் இரண்டு மணிக்கு நட்ட நடுச் சதுக்கத்தில் வெடிப்பார்கள். வெளிச்சம் அவர்களுக்கு வேண்டியதில்லை, சத்தம்தான் வேண்டும். அந்த ஆர்டரெல்லாம் இப்போதே முடிக்க வேண்டும். திரி வைக்கிற நான் இல்லாமல், மருந்து அறையில் மூன்று பேர் முறைத்துக்கொண்டு நிற்க, அவனுக்கு வேலை நகரவில்லை. கிழவரும் வீட்டிலிருந்து ஏதோ ஒற்றை வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தெரியாது. பத்தாம் நாள் போன் வந்தது. பருத்தி வாங்கும்வரை பழைய காக்கியே போட்டுக்கொள்ளலாம். ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குக் கிடையாது, ஆறு மாதத்துக்குத்தான். அது எனக்கு அவன் கொடுத்த தண்டனை. ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிறவளிடம் அதைக் கொடுத்திருக்கிறேன். போதுமா போதாதா என்று கடிதம் வருமாம். இதை எழுதுகிற இன்றுவரை வரவில்லை. வந்தால் பார்த்துக்கொள்வோம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போட்டேன். ஐயாதான் எடுத்தார். சாப்பிட்டீகளா, மழை உண்டா என்று பேசிவிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். உடுப்பைப் பற்றி, தாளைப் பற்றி, நான் எழுதியதைப் பற்றி. முடித்த பிறகு வெகுநேரம் இருமினார்.

"அன்னைக்கு நான் கைநாட்டு வச்ச தாளு. அதுல என்ன எழுதியிருந்துச்சு, ஆத்தா?"

எட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். எனக்கு அது மனப்பாடம். ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

"நீ அன்னைக்கே வாசிச்சியா?"

"வாசிச்சேன்யா."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா வச்சிருக்க மாட்டேன்த்தா."

தப்புதான்யா என்றேன். அழுதேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை, போனை வைக்கவும் இல்லை.

"சரி. இப்ப எழுதுனத வாசி" என்றார்.

நகலை எடுத்து வந்து ஸ்பானிஷில் வாசித்தேன். முழுதும் கேட்டுவிட்டு, நம்ம பேச்சில் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு மட்டம் வாசிக்கச் சொன்னார். மெதுவாக, சொல் சொல்லாக வாசித்தேன்.

"அந்தத் தாள இங்கன அனுப்பி வையி, ஆத்தா" என்றார் ஐயா. "இதுக்கு நான் கைநாட்டு வைக்கேன்."